படைவீரனின் வீடும் ஊராரின் கடமையும்

இராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் நீர்காத்த அய்யனார் கோவில் கொண்டிருக்கிறார். ஊரின் எல்லையைக் காப்பவர் அய்யனார் என்பது நம் மக்களின் பழைய நம்பிக்கை. தேசத்தின் எல்லையைக் காக்க நம் பிள்ளைகள் போகிறார்கள். அவர்களை மேடையேற்றிப் புகழ்கிறோம், மாலையிட்டு வணங்குகிறோம். ஆனால் அவர்களுள் ஒருவர் தம் வீட்டை அவசரமாக விற்க நேரும்போது நாம் அவரை எவ்வாறு நடத்துகிறோம்? இக்கேள்வியை இன்று நம் நேயர்கள் முன் வைக்கிறோம்.

அய்யனார் கோவிலுக்குச் செல்லும் சாலையோரம் ஒரு ஹவில்தார் தம் சம்பாத்தியத்தில் சிறு வீடு ஒன்று கட்டியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். குடும்பத்தையும் உடன் வைத்துக்கொள்ள வசதியுள்ள தொலைதூரப் பாசறைக்கு அவருக்கு மாற்றல் உத்தரவு வருகிறது. விடுப்பில் எஞ்சியிருப்பது இருபது நாள். வீட்டை விற்றுவிடத் தீர்மானிக்கிறார். செய்தி தரகர் காதுக்கு எட்டுகிறது. வீட்டில் எத்தனை அறை, கிணற்றில் எவ்வளவு நீர் என்று கேட்பாரில்லை. "ரயில் என்றைக்கு?" என்பதே கேள்வி. நாள் நெருங்க நெருங்க விலை இறங்குகிறது. முப்பது லட்சம் பெறும் வீட்டை இருபத்திரண்டுக்குக் கேட்கிறார்கள். அந்த எட்டு லட்சம் அவர் குழந்தைகளின் படிப்புக்கு உரிய பணம் அல்லவா?

ரயிலேறுமுன் கிரயம் முடிந்தே தீரவேண்டும் என்று அவர் நம்புவதுதான் இத்தனை நஷ்டத்துக்கும் வேர். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம், உரிமையாளர் நேரில் வர இயலாதபோது அவருடைய அதிகாரம் பெற்ற முகவர் பத்திரத்தைத் தாக்கல் செய்ய வழி வகுத்திருக்கிறது. புறப்படுமுன் நம்மூர்ச் சார்பதிவகத்திலேயே மனைவிக்கோ, தந்தைக்கோ, உடன்பிறந்தாருக்கோ அதிகாரப் பத்திரம் எழுதிப் பதிந்துவிடுவது உத்தமம். புறப்பட்டுப் போனவரும் தாம் வசிக்கும் எல்லைக்குரிய சார்பதிவாளர் முன் கையெழுத்திட்டு அத்தாட்சி பெறலாம் என்று அச்சட்டத்தின் 33-ஆம் பிரிவு கூறுகிறது. 2019 முதல் இச்சட்டம் காஷ்மீரத்திலும் அமலில் இருக்கிறது. ஆகவே ரயில் போகட்டும். விலை வரும்வரை வீடு காத்திருக்கட்டும்.

அதிகாரப் பத்திரத்திலும் எச்சரிக்கை வேண்டும். இந்த ஒரு வீட்டை மட்டும், இன்ன தொகைக்குக் குறையாமல், பணம் உரிமையாளரின் வங்கிக் கணக்கில் சேரும்படி விற்க என்று திட்டமாக எழுதவேண்டும். "பொது அதிகாரத்தை என் பேருக்கு எழுதிக் கொடுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று வாங்குபவரோ தரகரோ சொன்னால் உடனே மறுத்துவிடவேண்டும். அத்தகைய ஏற்பாடு கிரயம் ஆகாது என்று சூரஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011-இல் தெளிவாகத் தீர்ப்பளித்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும், சொல்ல மனம் கூசுகிறது. அதிகாரம் அளித்தவர் இறந்தால் முகவரின் அதிகாரமும் அத்துடன் முடிகிறது என்பது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் விதி. உயிரைப் பணயம் வைத்துப் போகிறவருக்கு இது அற்ப விஷயமன்று. ஆதலால் வீடு வாங்கும்போதே மனைவியின் பெயரையும் பத்திரத்தில் சேர்ப்பது விவேகம்.

வங்கிக் கடன் உள்ளவர்கள் முன்னதாகவே முயலவேண்டும். கடன் முழுதும் அடைந்தபின் முப்பது நாளுக்குள் மூலப் பத்திரங்களைத் திருப்பித் தரவேண்டும். வங்கியின் பிழையால் தாமதமானால் நாளொன்றுக்கு ரூ.5,000 ஈடு தரவேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் விதி 2023 டிசம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. முப்பது நாள் விதி இருபது நாள் விடுப்புக்கு உதவாது. பட்டா, வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், வரி ரசீது ஆகியவற்றை மாற்றல் உத்தரவு வரும்வரை காத்திராமல் இன்றே ஒரு கட்டாகச் சேர்த்து வைப்பதே புத்திசாலித்தனம்.

படைவீரர் குடும்பங்களின் பத்திரங்களுக்குச் சார்பதிவகங்களில் முன்னுரிமை அளிக்கும்படி சர்க்காரை வேண்டுகிறோம். நம் வக்கீல் நண்பர்கள் இப்பத்திரங்களைக் கட்டணமின்றி எழுதித் தரலாம். அப்பணியில் நாமும் பங்குகொள்ளச் சித்தமாயிருக்கிறோம். ஊராருக்கு நாம் சொல்வது ஒன்றே. போகிறவரிடம் ரயில் எப்போது என்று கேட்காதீர்கள். வீட்டின் நியாயமான விலை என்னவென்று கேளுங்கள். மாலை வாடிவிடும்; கொடுத்த விலை அவர் மக்களுக்குச் சோறாகவும் கல்வியாகவும் நிற்கும்.