மூன்றாவது பில்

மாசம் பிறந்தால் சேக்காட்டில் எனக்கு மூன்று பில் காத்திருக்கும். வீட்டு வாடகை, கேபிள், மகளுக்குக் கோர்ட் விதித்த ஜீவனாம்சம்.

வாடகை ஐந்தாம் தேதியைத் தாண்டினால் ஹவுஸ் ஓனர் மாடிப்படியில் நின்று இருமுவார். (எந்த டானிக்குக்கும் கேட்காத இருமல்!) கேபிளுக்குப் பணம் தராவிட்டால் டி.வி. கறுத்துவிடும். மூன்றாவது பில்லுக்கு இருமலும் கிடையாது, கட்டும் கிடையாது. தராவிட்டால் உடனே எனக்கு ஒன்றும் ஆகாது. ஆவதெல்லாம் எட்டு வயசு மகளுக்குத்தான்.

எப்படித் தெரியும் என்கிறீர்களா? இரண்டு மாசம் நிறுத்திப் பார்த்தவன் சார் நான். "ஞாயித்துக்கிழமை பொண்ணைக் காட்டலை. அப்புறம் எதுக்குப் பணம்?" என்று ஆவடி ஸ்டேஷன் டீக்கடையில் வீறாப்பு பேசினேன். "கரெக்ட் மச்சி" என்றார்கள் நண்பர்கள். டீக்குக் காசு கொடுத்தது நான்.

மூன்றாம் மாசம் மகள் போனில் சொன்னாள்: "வேன்ல என்னை நிறுத்திட்டாங்கப்பா. அம்மாகூட பஸ்ல போறேன். ஜாலியா இருக்கு." அந்த 'ஜாலி' இருக்கிறதே, அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. பாக்கியை உடனே கட்டினேன்.

குழந்தையைப் பார்ப்பது ஒரு கணக்கு, பணம் வேறு கணக்கு. பி.காம். படித்தும் இரண்டு லெட்ஜரைக் கலந்துவிட்டேன்.

"கோர்ட்டுக்குப் போயிருக்கலாமே?" என்று அவளிடம் கேட்டேன். "நீங்க தர வேண்டியதை வாங்க நான் லீவு போட்டு என் சம்பளத்தை விடணுமா?" என்றாள். பதில் இல்லை என்னிடம்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1973-ம் வருஷத்து மத்திய சட்டத்தில் ஜீவனாம்ச உச்சவரம்பு மாசம் 500 ரூபாய். 2001-ல்தான் அதை எடுத்தார்கள். பழைய 125-வது பிரிவு, 2024 ஜூலை முதல் புதுச் சட்டத்தில் 144. இடைக்கால ஜீவனாம்ச மனுவை, நோட்டீஸ் போய்ச் சேர்ந்த 60 நாளுக்குள் கூடியவரை முடிக்க வேண்டும். 2020 நவம்பரில் ரஜ்னேஷ்-நேஹா வழக்கில் சுப்ரீம் கோர்ட், இரு தரப்பும் வருமானம், சொத்துக் கணக்கைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும், மனு போட்ட தேதியிலிருந்தே ஜீவனாம்சம் தர வேண்டும் என்றது.

சிக்கல் வசூலில். பாக்கி வைத்தால், பாக்கி மாசம் ஒவ்வொன்றுக்கும் ஒரு மாசம் வரை ஜெயில் உண்டு. ஆனால் அதற்கு அம்மா மறுபடி மனு போட வேண்டும், அதுவும் ஒரு வருஷத்துக்குள். அப்புறம் வாய்தா, வாய்தா, வாய்தா. உள்ளே போனவன் சம்பாதிக்கவா போகிறான்?

ஆஸ்திரேலியாவில் 1988-லேயே இதற்கு அரசாங்கத் திட்டம் வந்தது. சம்பளத்திலேயே பிடிக்க வழி செய்தார்கள். பிரிட்டனில் 1993-ல் தொடங்கிய ஏஜென்ஸி கணக்கில் குளறுபடி செய்து கெட்ட பேர் வாங்கியது. 2012-ல் புது அமைப்பு வந்தது. ஆபீஸ் திறந்தால் மட்டும் போதாது, கணக்கும் சரியாக இருக்க வேண்டும்.

நம் சிவில் சட்டத்திலும் ஜீவனாம்சத்துக்காகச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு வரை ஜப்தி செய்ய இடமுண்டு. அதற்கும் தனி மனு! பி.எஃப். பிடிக்க யாராவது மாசாமாசம் மனு போடுகிறார்களா? ஜீவனாம்ச உத்தரவு போடும் அன்றே அதன் நகல் கம்பெனிக்குப் போகட்டும். முதல் மாசத்திலிருந்தே பிடித்து, அம்மா கணக்கில் போடட்டும். அவள் கையேந்த வேண்டாம், இவன் வீறாப்பு பேச வேண்டாம்.

'உனக்குத்தான் கம்பெனியே இல்லையே' என்பீர்கள். நியாயம். அதனால் ஒன்றாம் தேதி தானாகப் பணம் போகும்படி பாங்க்கில் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஆகவே எடிட்டர் சார், இந்தக் கட்டுரைக்கான செக்கைக் கொஞ்சம் சீக்கிரம் அனுப்புங்கள். ஒன்றாம் தேதி காலை ஏழரைக்கு வேன் வந்துவிடும்.