இன்பாக்ஸ் நிரம்பி வழிகிறதா? பில்டர் அமைத்திடுங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, இமெயில் அக்கவுண்ட் தொடங்கியவுடன் இன்பாக்ஸ் சுத்தமாக இருக்கும். ஆறே மாதத்தில் வங்கி ஸ்டேட்மெண்ட், விளம்பரம், குழு மடல் என எல்லாம் கலந்து கிடக்கும். இவற்றைத் தானாகவே பிரித்து, தனித்தனி போல்டர்களில் போட்டு வைக்கும் வசதியே மெசேஜ் பில்டர்.

இது எப்படி இயங்குகிறது? தபால் நிலையத்தில் கடிதம் பிரிப்பவர் உறையைக் கிழித்துப் பார்ப்பதில்லை. 1972ல் அறிமுகமான பின்கோடின் ஆறு எண்களைப் பார்த்தே எந்தப் பையில் போடுவது என முடிவு செய்கிறார். இமெயிலுக்கும் இப்படி ஒரு மேலுறை உண்டு. அதன் பெயர் ஹெடர். ப்ரம், டு, சப்ஜெக்ட், டேட் ஆகியவை நம் கண்ணில் படும் ஹெடர் வரிகள். கண்ணில் படாதவையும் பல உள்ளன. தண்டர்பேர்ட் புரோகிராமில் ஒரு மெயிலைத் திறந்து கண்ட்ரோல் + யு அழுத்தினால் எல்லாவற்றையும் பார்க்கலாம். ஜிமெயிலில் மூன்று புள்ளி மெனுவில் ஷோ ஒரிஜினல் என்பதைக் கிளிக் செய்திடவும்.

இனி பில்டர் அமைப்போம். தண்டர்பேர்டில் டூல்ஸ் மெனு சென்று மெசேஜ் பில்டர்ஸ் தேர்ந்தெடுத்து, நியூ கிளிக் செய்திடவும். பில்டருக்கு ஒரு பெயர் கொடுங்கள். மேல் பகுதியில் நிபந்தனை. எடுத்துக்காட்டாக, ப்ரம் வரியில் உங்கள் வங்கியின் முகவரி இருந்தால். கீழ்ப் பகுதியில் செயல். அந்த மெயிலை வங்கி போல்டருக்கு நகர்த்து. ஓகே கொடுத்தால் வேலை முடிந்தது. குழு மடல்களுக்கு ப்ரம் வரி உதவாது. ஒவ்வொரு மடலையும் வேறு ஒருவர் அனுப்பியிருப்பார். கஸ்டமைஸ் கிளிக் செய்து லிஸ்ட்-ஐடி என்ற ஹெடரைச் சேர்த்துக் கொள்ளுங்கள். அந்தக் குழுவின் எல்லா மடல்களிலும் அது ஒன்றாகவே இருக்கும்.

இங்கே என் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். உறவினர் மகனின் கம்ப்யூட்டரில் விளம்பர மெயில்களின் தொல்லை தாங்காமல், சப்ஜெக்ட் வரியில் ஆபர் என்ற சொல் இருந்தால் அழித்துவிடு என நானே ஒரு பில்டர் அமைத்துக் கொடுத்தேன். விளம்பரங்கள் நின்றன. கூடவே, அவனுக்கு வந்த வேலைக்கான ஆபர் லெட்டரும் குப்பைக்குப் போய்விட்டது! பதில் இல்லையே என்று நிறுவனத்தார் போன் செய்து கேட்டபோதுதான் டிராஷ் போல்டரைத் திறந்து பார்த்தோம். கடைசித் தேதிக்கு இரண்டு நாள் மீதம் இருந்ததால் தப்பித்தோம்.

இதில் நான் கற்ற பாடங்கள் இவை.

1. ஒற்றைச் சொல்லை நம்பி டெலீட் கொடுக்காதீர்கள். முதலில் ஒரு தனி போல்டருக்கு நகர்த்தச் சொல்லி, சில வாரங்கள் கண்காணியுங்கள். ஜிமெயிலில் டிராஷில் உள்ளவை 30 நாட்களில் தாமாகவே அழிந்துவிடும்.

2. ஆல், எனி வேறுபாட்டைக் கவனியுங்கள். ஆல் என்றால் எல்லா நிபந்தனைகளும் பொருந்த வேண்டும். எனி என்றால் ஏதாவது ஒன்று பொருந்தினாலே போதும்.

3. தண்டர்பேர்டில் பில்டர்கள் மேலிருந்து கீழாக, பட்டியலில் உள்ள வரிசைப்படி செயல்படும். முக்கியமானவர்களின் மெயிலைக் காக்கும் பில்டரை மேலே வைத்து, அதில் ஸ்டாப் பில்டர் எக்ஸிக்யூஷன் என்ற செயலையும் சேர்த்திடுங்கள். கீழே உள்ள பில்டர்கள் அந்த மெயிலைத் தொடாது.

4. ப்ரம் வரியைப் போலியாக எழுத முடியும். வங்கி போல்டரில் வந்து விழுந்துவிட்டது என்பதற்காக அது வங்கி அனுப்பியது என்று நம்பி, பாஸ்வேர்டைக் கொடுத்துவிடாதீர்கள்.

தண்டர்பேர்ட் திறந்திருக்கும்போது மட்டுமே அதன் பில்டர்கள் இயங்கும். ஜிமெயிலில் அமைப்பவை சர்வரிலேயே இயங்குவதால், உங்கள் கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும் வேலை நடக்கும்.

இன்றே ஒரு பில்டர் மட்டும் அமைத்துப் பாருங்கள். வாரம் ஒரு முறை டிராஷ், ஸ்பேம் போல்டர்களையும் எட்டிப் பாருங்கள். உங்களுக்கான நல்ல செய்தி அங்கே காத்திருக்கலாம்!