கணினியின் சாவி யார் கையில்?

விருத்தாசலத்தை அடுத்த மங்கலம்பேட்டை போன்ற சிறிய பேரூராட்சியில்கூட இன்று கணினி இல்லாத அலுவலகம் இல்லை. வருமானச் சான்று, பட்டா நகல், குடிநீர்க் கட்டணம், கூட்டுறவுக் கடன், பள்ளி மாற்றுச் சான்றிதழ் என எல்லாமே ஏதோ ஒரு திரையின் வழியாகத்தான் மக்களை வந்தடைகின்றன. அந்தக் கணினிகளின் உரிமையாளர் யார் என்று கேட்டால், பணம் கொடுத்து வாங்கியவர்தான் என்று உடனே பதில் சொல்லிவிடுவோம். அது பாதி உண்மையே. பெட்டியும் திரையும் நமக்குச் சொந்தம். அவற்றை இயக்கும் மென்பொருளை நாம் விலைக்கு வாங்குவதில்லை. அதைப் பயன்படுத்துவதற்கான உரிமத்தை மட்டுமே பெறுகிறோம்.

இதை விருத்தாசலம் வட்டாரத்தினருக்கு விளக்குவது எளிது. பீங்கான் பொம்மையை வாங்குகிறவர் அதன் அச்சையும் சேர்த்து வாங்குவதில்லை. பொம்மை உடைந்தால் அதேபோல் இன்னொன்று செய்துகொள்ள அவரால் இயலாது. அச்சு வைத்திருப்பவரிடமே மீண்டும் போக வேண்டும். மென்பொருளில் அந்த அச்சுக்குப் பெயர் மூலநிரல். விண்டோஸ் போன்ற உரிமைக் கட்டுப்பாடுள்ள மென்பொருளில் அது நிறுவனத்திடமே தங்கிவிடுகிறது. லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருளில் அச்சும் நம் கைக்கு வருகிறது. அதைப் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம்.

உரிமம் என்பது வெறும் காகிதம் அன்று. விண்டோஸ் 7 இயங்குதளத்தின் ‘ஸ்டார்ட்டர்’ பதிப்பில் திரையின் பின்னணிப் படத்தைக்கூடப் பயனர் மாற்ற இயலாது. கணினிக்கு அந்தத் திறன் இல்லாமல் இல்லை. குறைந்த விலைப் பதிப்பில் அது தேவையில்லை என்று நிறுவனம் முடிவு செய்தது, அவ்வளவுதான். சிறிய செய்திதான். ஆனால், நம் மேசைமீது இருக்கும் பொருள் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்பதைத் தொலைவில் இருக்கும் ஒருவர் தீர்மானிக்க முடியும் என்பதை அது காட்டியது.

இதன் அடுத்த கட்டம் பாதுகாப்பு. எந்த மென்பொருளும் குறைகள் இல்லாமல் பிறப்பதில்லை. குறை தெரியவரும்போதெல்லாம் திருத்தம் வெளியிடப்பட வேண்டும். அதைப் பயனர் நிறுவிக்கொள்ளவும் வேண்டும். 2017 மே மாதம் ‘வன்னாக்ரை’ என்ற பணயத் தீநிரல் 150 நாடுகளுக்கு மேல் பரவி, பிரிட்டனின் பொது மருத்துவமனைகளைக்கூட முடக்கியது. அதற்கான திருத்தம் அதே ஆண்டு மார்ச் மாதத்திலேயே வெளியாகியிருந்தது. திருத்தத்தை நிறுவாத கணினிகளும், திருத்தம் பெறும் தகுதியையே இழந்துவிட்ட பழைய கணினிகளும் சிக்கிக்கொண்டன.

திருத்தம் எதுவரை வரும் என்பதையும் நிறுவனமே முடிவு செய்கிறது. விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11, ‘டிபிஎம் 2.0’ என்ற பாதுகாப்புச் சில்லும் புதிய தலைமுறைச் செயலியும் வேண்டும் என்கிறது. நன்றாக இயங்கிக்கொண்டிருக்கும் எத்தனையோ கணினிகள் இந்த நிபந்தனையால் மட்டுமே பழையன ஆகிவிட்டன. பெருநகர நிறுவனம் புதிது வாங்கிக்கொள்ளும். சிற்றூர்ப் பள்ளியோ, கடன் வாங்கி இ-சேவை மையம் நடத்தும் இளைஞரோ என்ன செய்வார்கள்? பாதுகாப்பு இல்லாத பழைய பதிப்பிலேயே பொதுமக்களின் ஆதார் எண்ணையும் வங்கி விவரங்களையும் தட்டச்சு செய்துகொண்டிருப்பார்கள்.

ஆதரவு முடிவதற்கு முன்னரேகூடச் சேவை நிற்கலாம். 2025 ஜூலையில், குஜராத்தின் வாடினாரில் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜி நிறுவனத்தின் மின்னஞ்சலையும் கூட்டச் செயலியையும் மைக்ரோசாஃப்ட் திடீரென நிறுத்தியது. அந்த நிறுவனத்தில் ரஷியப் பங்கு இருப்பதால் ஐரோப்பிய ஒன்றியம் விதித்த தடையே காரணம். இந்தியச் சட்டப்படி நயாரா எந்தத் தடைக்கும் உள்ளாகவில்லை, சந்தாவையும் செலுத்தியிருந்தது. தில்லி உயர்நீதிமன்றத்தை அது நாடிய பிறகு, சில நாள்களில் சேவை திரும்பியது. பெரிய நிறுவனம், நீதிமன்றம் சென்றது. சிறிய அலுவலகங்களுக்கு அந்த வழியும் இல்லை.

கணினிக்குள்ளேயே இருக்கும் பூட்டு ஒன்றும் உண்டு. கணினி உயிர்பெறும்போது, அங்கீகரிக்கப்பட்ட கையொப்பமுள்ள நிரலை மட்டும் ஏற்றும் ‘செக்யூர் பூட்’ முறை அது. தீநிரல்கள் இயங்குதளத்துக்கு முன்பே நுழைந்துவிடாமல் தடுப்பதால் இது பயனுள்ள பாதுகாப்பே. ஆனால், சந்தைக்கு வரும் பெரும்பாலான கணினிகளில் முன்கூட்டியே பதிக்கப்பட்டிருப்பது மைக்ரோசாஃப்டின் சாவி. லினக்ஸ் பதிப்புகள் பலவும் தங்கள் தொடக்க நிரலுக்கு அந்த நிறுவனத்திடமே கையொப்பம் பெறுகின்றன. பூட்டு வேண்டும், வீட்டுக்காரரிடமும் ஒரு சாவி இருக்க வேண்டும். மேசைக் கணினிகளில் இன்றும் பெரும்பாலும் பயனர் இதை அணைக்கவோ தம் சாவியைப் பதிக்கவோ முடிகிறது. பல கைப்பேசிகளில் அந்த வாய்ப்பு இல்லை.

இந்த விவாதம் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. அரசு நிறுவனமான எல்காட், சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்த காலத்தில், தன் அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றிக்காட்டியது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம், டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் இயங்கும் ‘பாஸ்’ இயங்குதளத்தை உருவாக்கியது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், மாணவர்கள் பெற்ற கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன் பாஸும் இருந்தது. 2014-இல் விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றபோது, அரசுத் துறைகள் பாஸுக்கு மாற அறிவுறுத்தப்பட்டன.

பல லட்சம் மாணவர்களின் கைகளுக்குக் கட்டற்ற இயங்குதளம் சென்றது சாதாரணச் செய்தி அன்று. ஆனால், அது என்ன, எதற்காக இருக்கிறது என்று சொல்லித்தர வகுப்பறையில் ஆளில்லை. கணினியைத் திறந்ததும் இரண்டு பெயர்கள் தோன்றும். தெரிந்த பெயரைத் தேர்ந்துகொள்வதே இயல்பாயிற்று. இடத்தை அடைக்கிறது என்று கருதி, கடைகளில் பாஸை அழித்துவிட்டுத் திருட்டு நகல் விண்டோஸை நிறுவிக்கொள்வதும் நடந்தது. அரசு கொடுத்த முறையான உரிமம் போய், திருத்தங்கள் வந்துசேருமா என்பதே உறுதியில்லாத நகல் வந்து அமர்ந்தது.

கேரளம் இதை வேறு விதமாகச் செய்தது. ‘ஐடி அட் ஸ்கூல்’ திட்டத்தின் கீழ் முதலில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்து, பாடநூலையே கட்டற்ற மென்பொருளைக் கொண்டு எழுதியது. அதன் தொடர்ச்சியான ‘கைட்’ நிறுவனம், 2019-இல் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகளுக்குத் தன் லினக்ஸ் பதிப்பை அளித்தது. அங்கும் மென்பொருள் நம்முடையதைப் போன்றதே. பாடமும் பயிற்சியும் பழுது பார்க்கும் ஏற்பாடும் கூடவே சென்றன என்பதுதான் வேறுபாடு.

மூலநிரல் திறந்திருந்தால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2024 மார்ச்சில், லினக்ஸ் கணினிகள் பலவற்றில் பயன்படும் ‘எக்ஸ்இசட்’ என்ற சிறிய கருவிக்குள், நம்பிக்கையான பங்களிப்பாளர்போல் நடித்த ஒருவர் கள்ளக் கதவு வைத்திருந்தது தெரியவந்தது. உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் அதைக் கண்டுபிடித்தார். நிரல் திறந்திருந்ததால் அவரால் ஆராய முடிந்தது. அவரைப் போன்று ஆராய்கிறவர்கள் குறைவு என்பதால் ஆபத்து வாசல்வரை வந்தது.

அதேபோல், உள்நாட்டு நிறுவனத்துக்கு மாறுவது மட்டும் தீர்வாகாது. மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் மின்னஞ்சல் தமிழ்நாட்டு நிறுவனமான சோஹோவின் தளத்துக்கு மாறியிருப்பது நமக்குப் பெருமைதான். அந்நியத் தடைகளின் அச்சமும் குறையும். எனினும், அச்சு நிறுவனத்திடமே இருக்கும்வரை நம் கோப்புகளை எப்போது வேண்டுமானாலும் வேறிடத்துக்கு எடுத்துச்செல்லும் உரிமையை ஒப்பந்தத்திலேயே உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

அரசுக் கொள்முதலில் கட்டற்ற மென்பொருளுக்கு முன்னுரிமை தர வேண்டும், தவிர்த்தால் காரணம் கூற வேண்டும் என்று மத்திய அரசின் 2015 கொள்கையே சொல்கிறது. கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்குக் கணினி வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. ஒவ்வொரு கல்லூரியிலும் ஓர் ஆசிரியருக்கேனும் கட்டற்ற இயங்குதளத்தில் பயிற்சி, அரசுக் கோப்புகள் எந்த மென்பொருளிலும் திறக்கும் பொது வடிவங்களில் இருத்தல், பள்ளிகளிலும் இ-சேவை மையங்களிலும் ஆதரவு முடிந்த கணினிகளைக் கணக்கெடுத்து லினக்ஸுக்கு மாற்ற வட்ட அளவில் ஓர் உதவிக் குழு ஆகிய மூன்றும் பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல.

மாணவருக்கு மடிக்கணினி கொடுப்பது பாராட்டத்தக்கது. அதன் சாவியை எப்படிப் பயன்படுத்துவது என்பதையும் கற்றுத் தந்தால்தான் அந்தக் கொடை முழுமை பெறும்.