பழைய காரில் ஏசி கூலிங் இல்லையா? கம்ப்ரசரை மாத்தும் முன் இதையெல்லாம் பாருங்க!

மே மாத மதியம் சாத்தூரிலிருந்து சிவகாசிக்கு ஏசி இல்லாமல் கார் ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஜன்னலைத் திறந்தால் அனல், மூடினால் அவியல். அப்பா காலத்து கான்டெஸாவோ, அம்பாசிடரோ, பழைய மாருதி 800-ஓ வைத்திருப்பவர்கள் அந்த நேரத்தில்தான் ஒர்க் ஷாப்புக்கு ஓடுவார்கள். அங்கே பெரும்பாலும் கேட்கும் பதில்: "அண்ணாச்சி, கம்ப்ரசர் போச்சு. மாத்திரணும்."

உண்மையிலேயே போய்விட்டதா? பல நேரங்களில் இல்லை. சரியாகப் பார்த்தால் சின்ன பாகத்தோடு வேலை முடிந்துவிடும். தப்பாகப் பார்த்தால் பணம் மட்டும் அல்ல, உயிருக்கே ஆபத்து வரலாம்.

கம்ப்ரசர் என்ன செய்கிறது?

கேஸை அழுத்திச் சூடாக்கி கண்டென்சருக்குத் தள்ளுவதுதான் அதன் வேலை. அங்கே கேஸ் சூட்டை இழந்து திரவமாகும். எக்ஸ்பான்ஷன் வால்வைத் தாண்டியதும் அழுத்தம் குறைந்து, டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் ஆவியாகும்போது காருக்குள் இருக்கும் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். கம்ப்ரசரை சுழற்றுவது இன்ஜின் பெல்ட். ஏசி சுவிட்சைப் போட்டதும் 'டக்' என்று சத்தம் வருமே, அது காந்த கிளட்ச் ஒட்டும் சத்தம். பழைய கார்களில் உலகம் முழுக்கப் புழங்கிய சாண்டன் 508 மாடலில் 5 பிஸ்டன்கள் உண்டு. ஒரு சுற்றுக்கு 138 சிசி கேஸை அது தள்ளும்.

கோளாறு எங்கே? கண்டுபிடிப்பது எப்படி?

* 'டக்' சத்தமே வரவில்லையா? முதலில் ஃபியூஸ், ரிலே, வயரிங்கைப் பாருங்கள். கேஸ் குறைந்தால் பிரஷர் சுவிட்ச் கிளட்சுக்குப் போகும் கரண்ட்டை நிறுத்திவிடும். கிளட்ச் தேய்ந்து இடைவெளி அதிகமானாலும் ஒட்டாது. சாண்டன் வகையில் இந்த இடைவெளி 0.4 முதல் 0.8 மி.மீ.க்குள் இருக்க வேண்டும்.

* ஏசி ஆஃபில் இருக்கும்போதும் இரைச்சலா? புல்லி பேரிங் தேய்ந்திருக்கலாம். அதை மட்டும் தனியாக மாற்றலாம். கம்ப்ரசரைப் பிரிக்கவே தேவையில்லை.

* ஏசி போட்டால் மட்டும் கடகடவென்று சத்தமா? உள்பாகங்களில் தேய்மானம் இருக்க வாய்ப்பு அதிகம்.

* முன்பக்கம் எண்ணெய்க் கசிவா? ஷாஃப்ட் சீல் போயிருக்கலாம். மாசக்கணக்கில் ஏசி போடாத கார்களில் சீல் காய்ந்து கேஸ் கசியும்.

* கேஜ் என்ன காட்டுகிறது? இரண்டு பக்கமும் அழுத்தம் குறைவு என்றால் கேஸ் குறைவு. லோ சைடு அதிகமாகவும் ஹை சைடு குறைவாகவும் இருந்தால்தான் கம்ப்ரசர் மேல் சந்தேகப்பட வேண்டும்.

ஆர்-12 ஏன் கிடைப்பதில்லை?

பழைய கார்கள் பலவற்றில் கம்பெனியிலேயே நிரப்பியது ஆர்-12 எனும் சிஎஃப்சி வாயு. ஓசோன் படலத்தை அழிப்பதால் 1987-ல் மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. 1992-ல் இந்தியாவும் அதில் சேர்ந்தது. 2010 தொடக்கத்தில், மருத்துவ இன்ஹேலர் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, வளரும் நாடுகளிலும் சிஎஃப்சி முடிவுக்கு வந்தது. அதனால் 'ஒரிஜினல் ஆர்-12 இருக்கு' என்று யாராவது சொன்னால் உஷாராக இருங்கள்.

மாற்று, ஆர்-134ஏ. ஆனால் அதை அப்படியே ஏற்றிவிட முடியாது. ஆர்-12 காலத்து மினரல் ஆயில் இந்த கேஸோடு கலக்காது. ஆயில் சுற்றி வராவிட்டால் கம்ப்ரசர் காய்ந்து ஜாம் ஆகிவிடும். எனவே பழைய ஆயிலை வடித்து, லைனை ஃப்ளஷ் செய்து, எஸ்டர் அல்லது பேக் ஆயில் ஊற்ற வேண்டும். ஓ-ரிங்குகளையும் டிரையரையும் புதிதாகப் போட வேண்டும். அரை மணி நேரத்துக்குக் குறையாமல் வேக்குவம் போட்டு ஈரத்தை வெளியேற்றிய பிறகே கேஸ். அளவு, பழைய ஆர்-12 எடையில் சுமார் 80 முதல் 90 சதவீதம்.

கம்ப்ரசர் உள்ளே நொறுங்கியிருந்தால் உலோகத் தூள் லைன் முழுக்கப் பரவியிருக்கும். அதைச் சுத்தம் செய்யாமல் புது கம்ப்ரசர் மாட்டினால் அதுவும் சீக்கிரமே போய்விடும்.

சமையல் கேஸ் ஏத்தலாமா?

கூடவே கூடாது. புரொப்பேன், பியூட்டேன் கலவை நன்றாகவே கூலிங் தரும். ஆசை காட்டுவது அதுதான். ஐசோபியூட்டேன் இன்று வீட்டு ஃப்ரிட்ஜ்களில்கூட இருக்கிறது. ஆனால் அது கொஞ்சமான அளவு, சீல் செய்த அமைப்பு. காரில் ரப்பர் ஹோஸ், அதிர்வு, சூடான இன்ஜின் எல்லாம் பக்கத்திலேயே. கூலிங் காயில் கசிந்தால் வாயு நேராக ஆட்கள் உட்காரும் இடத்துக்கு வரும். ஒரு சின்ன ஸ்பார்க் போதும்.

பட்டாசு ஆலை, குடோன், கடை வாசல் என்று கார் நிற்கும் சிவகாசி வட்டாரத்தில் இதை இன்னும் யோசிக்க வேண்டும். தீப்பெட்டிகூட உள்ளே கொண்டுபோக அனுமதிக்காத வளாகத்துக்குள், எரியும் வாயு நிரப்பிய லைனோடு ஒரு கார் போனால் என்ன ஆகும்?

கலப்பட கேஸும் ஆபத்துதான். 2011-ல் கப்பல்களில் போகும் குளிர்பதன கன்டெய்னர்கள் சில வெடித்து, பழுது பார்த்தவர்கள் இறந்தார்கள். ஆர்-134ஏ போலவே விற்கப்பட்ட கேஸில் ஆர்-40 எனும் மெத்தில் குளோரைடு கலந்திருந்தது. அது அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்று பட்டதுமே தீப்பிடிக்கும் பொருளை உண்டாக்கும்.

கசிவு பார்ப்பதற்கும் நெருப்பு வேண்டாம். பழைய ஆர்-12 தீயில் பட்டால் நச்சு வாயு வரும். சோப்புத் தண்ணியோ எலக்ட்ரானிக் டிடெக்டரோ போதும்.

ஒர்க் ஷாப்பில் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. கசிவு எங்கேன்னு பாத்தீங்களா?
2. என்ன கேஸ்? சிலிண்டரைக் காட்ட முடியுமா?
3. என்ன ஆயில் ஊத்துறீங்க?
4. டிரையர் புதுசா?
5. கேஸை எடை போட்டு ஏத்துவீங்களா?

இந்த 5-க்கும் தெளிவாகப் பதில் சொல்லும் மெக்கானிக்கிடம் தாராளமாகச் சாவியைக் கொடுக்கலாம். வண்டி சரியான பிறகு, மழைக்காலமானாலும் வாரம் ஒருமுறை பத்து நிமிஷம் ஏசியை ஓடவிடுங்கள். சீலில் எண்ணெய்ப் பசை இருந்தாலே கேஸ் சீக்கிரம் இறங்காது.