வலப்பாகத்து வீற்றிருத்தலும் ஒழிபளவையும்

தகடூரெனப் பண்டு வழங்கிய தருமபுரிப் பகுதியிலே, கோவிலூர் முதலிய ஊர்களிற் கத்தோலிக்கக் கிறித்தவர் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றனர். 1997-ஆம் ஆண்டிற் சேலம் மறைமாவட்டத்தினின்றும் தருமபுரி தனி மறைமாவட்டமாகப் பிரிந்தது. சீர்திருத்தச் சபையாரும் அங்கு உளர். இரு சாராரும் தம் விசுவாசப் பிரமாணத்தில், மெசியா விண்ணிற்கு எழுந்தருளிப் பிதாவின் வலப்பாகத்து வீற்றிருக்கின்றார் என்று ஓதுவர். இக்கொள்கைக்கு மூலம் பழைய ஏற்பாட்டின் 110-ஆம் சங்கீதத்து முதல் வாக்கியமாம். புதிய ஏற்பாட்டில் மிகுதியாக எடுத்தாளப்பெறும் பழைய வாக்கும் அதுவே.

அவ்வாக்கியத்தில் ஒருவர் மற்றொருவரைத் தம் வலப்பக்கத்து இருக்குமாறு பணிக்கின்றார். எபிரேய மூலத்திற் பணிப்பவர்க்கு யூதர் வாயாற் சொல்லாத கடவுட் பெயரும், பணிக்கப்படுபவர்க்கு அரசர்க்கும் உரியதாகிய 'என் தலைவர்' என்னும் பொதுச்சொல்லும் வந்துள்ளன. கிரேக்க மொழிபெயர்ப்பில் இரண்டும் ஒரே சொல்லாயின. தமிழிலோ வேறுபாடு மீண்டுந் தோன்றிற்று. சீர்திருத்தச் சபையாரின் பழைய மொழிபெயர்ப்பு முன்னவரைக் கர்த்தர் என்றும் பின்னவரை ஆண்டவர் என்றும் கூறும். 1995-இல் வெளிவந்த பொதுமொழிபெயர்ப்போ முன்னவரை ஆண்டவர் என்றும் பின்னவரைத் தலைவர் என்றும் கூறும். ஆகவே ஒரே தெருவில் ஒரு வீட்டார்க்கு 'ஆண்டவர்' என்றது மெசியாவையும், அடுத்த வீட்டார்க்குப் பிதாவையுங் குறிக்கும். இஃதறியாது வாதிப்பார் வீணே வாதிப்பர்.

இனி, இவ்வாக்கு இயேசுவைக் குறித்ததென்பது எங்ஙனம் நிறுவப்படுகின்றது? அப்போஸ்தலர் நடபடிகள் 2-ஆம் அதிகாரத்திலே பேதுரு எருசலேமில் யூதர்முன் கூறுவது இது: அழிவு காணாமை 16-ஆம் சங்கீதத்திற் பேசப்பட்டது. தாவீதோ இறந்தான், அவன் கல்லறை இன்றும் நம்மிடை உளது. வலப்பாகத்து இருத்தல் 110-ஆம் சங்கீதத்திற் பேசப்பட்டது. தாவீதோ விண்ணுக்கு ஏறினானல்லன். ஆதலின் இவை மரித்து உயிர்த்தெழுந்த வேறொருவர்மேலன என்பதாம்.

சிவஞான சித்தியார் எண்ணும் அளவைகளுள் ஒழிபு என்பதனோடு இஃது ஒப்பது. இருவர் பொருதவழி ஒருவன் வென்றிலன் எனின், மற்றவனே வென்றான் எனக் கொள்ளுதல் ஒழிபு. ஆனால் உரியோர் இருவரே என்பது முன்னர்த் துணியப்பட்டாலன்றி ஒழிபு செல்லாது. இரண்டாம் நூற்றாண்டில் யூஸ்தீன் என்பார் திரிபோ என்னும் யூதரோடு நிகழ்த்திய வாதமாக எழுதிய நூலில், யூத ஆசிரியர் இச்சங்கீதத்தை எசேக்கியா மன்னன்மேல் ஏற்றினர் என்று குறித்து மறுக்கின்றார். பிற்காலத்து இராசி என்னும் உரையாசிரியர் ஆபிரகாம்மேல் ஏற்றினார். மூன்றாமவன் ஒருவன் நிற்குமிடத்துத் தாவீதை விலக்கிய மாத்திரையானே முடிவு பிறவாது. அன்றியும் இவ்வாதம் சங்கீதம் இறைவாக்கு என இருவர்க்கும் உடன்பாடாயவிடத்தே நிகழும். வேதத்தை உடன்படாத புத்தரோடு உரையளவை கொண்டு வாதிடுதல் கூடாமையும் இவ்வாறே.

வலப்பாகம் என்றது இடமன்று, மேன்மை என்பர் கிறித்தவர். பிதா உருவிலர் ஆதலின் அது பொருந்தும். எபிரெயருக்கு எழுதிய நிருபம் 'இருத்தல்' என்னுஞ் சொல்லிற் பிறிதொரு நயங் காண்கின்றது. ஆசாரியர் நாடோறும் நின்று பலியிடுவர். இவரோ ஒரே பலி செலுத்தி அமர்ந்தார். அமர்தல் தொழில் முடிந்தமைக்கு அறிகுறி.

கடவுளேயாயின் உயர்த்தப்படுதல் யாங்ஙனம் என்பது சைவர் வினா. தாழ்ந்து எடுத்த மனிதத்தன்மையே உயர்த்தப்பட்டது என்பது அவர் விடை. பிலிப்பியர் நிருபம் 2-ஆம் அதிகாரத்தை அதற்கு ஆதாரமாக்குவர். பதி பிறப்பிலி எனக் கொள்ளும் சித்தாந்தி மறுப்பது அவ்வுயர்வை அன்று, அதற்கு முன்னின்ற பிறப்பையே என்க.