கூடு விட்டுக் கூடு பாயும் பொம்மைகள்

கலிபோர்னியாவின் அனஹைம் நகரத்து டிஸ்னிலேண்டில் 'ஸ்டார் டூர்ஸ்' என்ற விண்வெளி ரைடுக்கு வரிசையில் நகர்ந்துகொண்டிருக்கும்போது வழியில் ஒரு ரோபோவைப் பார்க்கலாம். விண்வெளி நிலையத்தின் சுங்க அதிகாரி மாதிரி பயணிகளின் பெட்டிகளைச் சோதித்தபடி, தனக்குத்தானே ஏதோ சலித்துக்கொண்டிருக்கும். கொஞ்சம் தள்ளி அதன் கூட்டாளி. முகத்தை வைத்து இவை எந்தக் கிரகத்து ஜீவன்கள் என்று கண்டுபிடிக்க முடியாது. பாதத்தைக் கவனித்தால் பிடிபட்டுவிடும். விரல்களுக்கு நடுவே சவ்வு வைத்த தட்டைப் பாதம். வாத்தின் கால்!

ஆமாம், இரண்டும் பழைய வாத்துகள். அதே பூங்காவில் வேறொரு அரங்கில் இறகும் தொப்பையுமாகப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தவை. இறகை உரித்து, உள்ளே இருந்த இரும்பு எலும்புக்கூட்டை அப்படியே எடுத்து வந்து 'ரோபோ' என்று பெயர் வைத்துவிட்டார்கள். 1987 ஜனவரியில் ஸ்டார் டூர்ஸ் திறந்தபோது அந்தப் பாட்டு அரங்கம் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கச்சேரி நடக்கும்போதே பக்கவாத்தியக்காரரில் இருவரைக் கிளப்பிக்கொண்டு போன கதை.

டிஸ்னிலேண்ட் 1955இல் திறந்தது. சுற்றிலும் நகரம் வளர்ந்து நெருக்கிவிட்டதால், புதிதாக ஒன்று வைக்கவேண்டுமானால் பழையது ஒன்று இடம் விட்டாக வேண்டும். ஆனால் ஊர்த் திருவிழா ராட்டினம் மாதிரி கழற்றி லாரியில் ஏற்றி அனுப்பிவிடுகிற சங்கதி இல்லை இது. கான்கிரீட் தூண், வட்டக் கட்டடம், நீர்த்தேக்கம் எல்லாம் தரையில் வேர்விட்டு நிற்கின்றன. ஆகவே புது ரைடு பெரும்பாலும் பழையதன் உடம்புக்குள்தான் குடியேறுகிறது. அந்த உடம்பு எதற்கு இடம் கொடுக்கும், எதற்குக் கொடுக்காது என்பதில்தான் சுவாரசியமே இருக்கிறது.

வாத்துகள் பாடிய அரங்கையே எடுத்துக்கொள்வோம். சுழல்மேடை நாடகங்களில் மேடை சுற்றும், நாம் உட்கார்ந்திருப்போம். இங்கே தலைகீழ். நடுவில் ஆறு மேடைகள் ஆணி அடித்தாற்போல் நிற்க, அவற்றைச் சுற்றி ஆறு பார்வையாளர் பகுதிகள் கொண்ட வளையம் குடை ராட்டினமாகச் சுழலும். ஒவ்வொரு பகுதியிலும் 240 இருக்கைகள். சுமார் நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை வளையம் ஆறில் ஒரு பங்கு நகரும். ஒரு பகுதியில் ஆட்கள் ஏறிக்கொண்டிருக்க, இன்னொன்றில் இறங்கிக்கொண்டிருக்க, மீதி நான்கில் நாடகத்தின் நான்கு காட்சிகள் ஒரே நேரத்தில் நடக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: மணிக்கு 3,600 பேர். கூட்டத்தை இவ்வளவு நாசூக்காக விழுங்கும் அரங்கை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

1964-65 நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்துக்காக வடிவமைத்த நாடகம் அது. பெயர் 'கேரௌசல் ஆஃப் ப்ராக்ரஸ்'. மின்சாரம் வந்து ஒரு குடும்பத்தின் அடுப்படியும் கூடமும் எப்படி மாறின என்பது கதை. 1967இல் டிஸ்னிலேண்டுக்கு வந்தது, 1973இல் மூடியது, 1975இல் புளோரிடாவில் உள்ள டிஸ்னி பூங்காவில் மறுபடி திறந்தது. நாடகம் போய்விட்டது, வட்டக் கட்டடம் அனஹைமில் தங்கிவிட்டது. இனி இங்கே எந்த நாடகம் போட்டாலும் அதற்கு நான்கு காட்சி இருக்கவேண்டும், காட்சிக்கு நான்கு நிமிடம் இருக்கவேண்டும். கட்டடமே திரைக்கதை எழுத உட்கார்ந்துவிட்டது.

அப்படி 1974 ஜூன் 29இல் வந்ததுதான் 'அமெரிக்கா சிங்ஸ்'. நூற்றுக்கும் மேற்பட்ட விலங்கு, பறவைப் பொம்மைகள் அமெரிக்கப் பாட்டின் வரலாற்றைப் பாடிக்காட்டின. அதன் தொடக்கத்திலேயே ஒரு துயரம். நிலையான மேடைச் சுவருக்கும் நகரும் அரங்கச் சுவருக்கும் இடையே இருந்த சந்தில் சிக்கி, திறந்து ஒன்பது நாள் கழித்து, 18 வயது ஊழியர் ஒருவர் இறந்துபோனார். அதற்குப் பிறகுதான் ஆபத்தைச் சொல்லும் விளக்குகள் வந்தன, அழுத்தினால் விட்டுக்கொடுக்கும் சுவர்கள் வந்தன.

இந்தப் பொம்மைகளுக்கு 'ஆடியோ-அனிமேட்ரானிக்ஸ்' என்று பெயர். 1963இல் டிஸ்னிலேண்டின் 'டிக்கி ரூம்' பறவைகளோடு ஆரம்பித்த தொழில்நுட்பம். அந்த நாளில் ஒலிநாடாவில் பாட்டோடு கூடவே, ரசிகர் காதுக்குப் போகாத சில சுரங்களையும் பதிந்து வைத்தார்கள். குறிப்பிட்ட சுரம் வந்ததும் ஒரு மின்சுற்று மூடும், வால்வு திறக்கும், அழுத்தக் காற்று சின்ன உருளைக்குள் பாயும், கிளியின் அலகு பிளக்கும். பெரிய உருவங்களுக்குக் காற்றின் பலம் போதாது என்பதால் எண்ணெய் அழுத்தம். பின்னால் கணினி வந்து நாடாவின் வேலையை வாங்கிக்கொண்டது. எப்படியானாலும் பொம்மை என்பது கம்பி, குழாய், மூட்டு. மேலே போர்த்திய தோலும் ரோமமும் சட்டை மாதிரிதான். கழற்றி வேறு மாட்டலாம்.

மாட்டவும் செய்தார்கள். டோனி பாக்ஸ்டர் என்ற வடிவமைப்பாளர் 1983இல், காரில் அலுவலகம் போகும் வழியில் போக்குவரத்து நெரிசலில் மாட்டிக்கொண்டிருந்தபோது யோசித்த ரைடு 'ஸ்ப்ளாஷ் மவுன்டன்'. மரக்கட்டை வடிவப் படகில் கால்வாய் வழியே மிதந்து போய், கடைசியில் உயரத்திலிருந்து தண்ணீருக்குள் பாய்வது. வழியெல்லாம் பொம்மைகள் வேண்டும்; புதிதாகச் செய்தால் செலவு கையைக் கடிக்கும். இன்னொரு பக்கம் அமெரிக்கா சிங்ஸுக்கோ கூட்டம் குறைந்துகொண்டிருந்தது. 1988 ஏப்ரலில் அதை மூடி, தவளை, கோழி, வாத்து எனப் பெரும்பாலானவற்றை மலைக்குள் குடியேற்றினார்கள். 1989இல் மலை திறந்தது. ஒட்டுப்போட்டதே தெரியவில்லை. காரணம் உண்டு. இந்த ரைடின் கதை 1946இல் வந்த 'சாங் ஆஃப் த சவுத்' படத்தின் விலங்குக் கதை. அந்தப் படத்தில் விலங்குகளை வரைந்து இயக்கியவர்களில் ஒருவர் மார்க் டேவிஸ். அமெரிக்கா சிங்ஸ் விலங்குகளை வடிவமைத்தவரும் அவரே. ஒரே கை, ஒரே ஜாடை.

அந்தப் படம் கறுப்பின மக்களைக் காட்டிய விதம் பற்றிய குற்றச்சாட்டு அது வெளிவந்த காலத்திலிருந்தே உண்டு. 2020இல் ரைடை மாற்றப்போவதாக அறிவித்தார்கள். 2023 மே மாதம் மூடினார்கள். 2024 நவம்பரில் 'தியானாஸ் பையூ அட்வென்ச்சர்' என்ற பெயரில் திறந்தது. கால்வாயும் அந்தக் கடைசிப் பாய்ச்சலும் அப்படியே இருக்கின்றன. கதையும் பொம்மைகளும் புதிது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு உழைத்த பாடகர்களுக்கு ஒருவழியாக ஓய்வு கிடைத்தது. சுங்க அதிகாரிகள் இருவரைத் தவிர.

எல்லா உடம்பும் புது உயிரை ஏற்றுக்கொள்ளும் என்றும் சொல்வதற்கில்லை. இதே பூங்காவில் 1959இல் தொடங்கிய நீர்மூழ்கிக் கப்பல்கள் 1998இல் நின்று, 2007இல் நீமோ மீனின் கதையோடு திரும்பி வந்தன. டீசல் போய் மின்சாரம் வந்தது, குளம் மாறவில்லை. (அவை மூழ்குவதே இல்லை. நம் இருக்கைதான் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. சன்னலுக்கு வெளியே குமிழி விட்டதும் நாம் மூழ்கிவிட்டதாக நம்பிவிடுகிறோம்.) அங்கே சரியாக வந்தது, பக்கத்திலேயே சறுக்கியது.

'பீப்பிள்மூவர்' 1967இல் வந்தது. தூண்கள் மேல் உயரத்தில் ஓடும் பாதையில், திறந்த சின்னப் பெட்டிகளின் தொடர். பெட்டியில் எஞ்சின் கிடையாது. பாதையில் சில அடிக்கு ஒன்றாகப் பதித்த ரப்பர் சக்கரங்கள் மோட்டாரில் சுழன்று, பெட்டியின் அடிப்பாகத்தை உரசி உரசித் தள்ளிவிடும். எஃகு ஆலையில் பழுக்கக் காய்ந்த இரும்புப் பாளங்கள் உருளைகள் மேல் நகர்ந்து போவதைக் கண்டு பிறந்த யோசனை. கால் கடுத்தவர்கள் ஏறி உட்கார்ந்து, கால் மணி நேரம் ஊர்ந்தபடி வேடிக்கை பார்ப்பார்கள்.

1995இல் அதை மூடிவிட்டு, 1998இல் அதே பாதையில் 'ராக்கெட் ராட்ஸ்' என்ற வேக வண்டிகளை விட்டார்கள். வேகமாகப் போகும் வண்டிக்கு வளைவில் பாதை உள்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். நெடுஞ்சாலை போடும் எவருக்கும் தெரிந்த விஷயம். ஊர்ந்து போவதற்குக் கட்டிய இந்தப் பாதை தட்டை. சாய்த்துக் கட்டப் பணம் ஒதுக்கவில்லை. அதனால் வண்டி நேர்ப்பாதையில் சீறும், வளைவு வந்ததும் பிரேக் போட்டு அடங்கும், மறுபடி சீறும். ஒவ்வொரு சீறலும் டயரைத் தின்றது, தூணை உலுக்கியது. திறந்த நாளிலிருந்தே பழுது. 2000 செப்டம்பரில் நின்ற வண்டி பிறகு ஓடவேயில்லை.

புளோரிடாவில் 1975இல் திறந்த பீப்பிள்மூவர் இன்றும் ஓடுகிறது. சுழலும் சக்கரம் கூட இல்லாமல், பாதையில் பதித்த மின்காந்தச் சுருள்களே பெட்டியை இழுத்துச் செல்கின்றன. அனஹைமிலோ பாதை மட்டும் தலைக்கு மேலே வளைந்து வளைந்து போய், காலியான நிலையத்தில் முடிகிறது. வெயில் ஏறினால் ஜனங்கள் அதன் நிழலில் ஒதுங்கி நின்று அடுத்த ரைடு எதுவென்று வரைபடத்தில் தேடுகிறார்கள்.