நெல் இலையின் நிறமும் கைப்பேசிக் காமிராவும்

அரியலூர் ஜில்லாவில் கொள்ளிடக் கரையை ஒட்டிய திருமானூர், தா. பழூர் வட்டாரங்களில் சம்பா நடவு முடிந்து இரண்டு வாரங்கள் சென்றதும், குடியானவர் மனத்தில் எழும் கேள்வி யூரியா இடலாமா, பொறுக்கலாமா என்பதே. குறைத்து இட்டால் தூர் கட்டாது. மிகுத்து இட்டாலோ பயிர் கொழுத்துச் சாய்வதுடன் புகையானுக்கும் குலைநோய்க்கும் இடங்கொடுக்கும். மக்காச்சோளமும் பருத்தியும் மிகுந்த பெரம்பலூர் ஜில்லாவில் நெல் பரப்புக் குறைவேயாயினும், ஏரி கிணறுகளைக் கொண்டு நெல் வைப்போருக்கும் இதே கவலைதான்.

இக்கேள்விக்கு விடை சொல்ல ஏற்பட்டது இலை வண்ண அட்டை. ஜப்பானில் தோன்றிய யோசனையைக் கொண்டு பிலிப்பைன்ஸ் தேசத்திலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் 1990-களில் இதைச் சீர்செய்து பரப்பினர். வெளிர்பச்சை முதல் கரும்பச்சை வரை எண்ணிட்ட பட்டைகள் உள்ள சிறு பிளாஸ்டிக் அட்டை அது. கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் சொல்லும் முறைப்படி, நட்ட 14-ஆம் நாளிலிருந்தும், நேரடிச் சேற்று விதைப்பாயின் 21-ஆம் நாளிலிருந்தும், வாரம் ஒரு முறை, காலை 8 மணி முதல் 10 மணிக்குள், மேலிருந்து மூன்றாவதான முற்றும் விரிந்த இலையை 10 இடங்களில் ஒத்துப் பார்க்கவேண்டும். வெள்ளைப் பொன்னி போன்ற ரகங்களுக்கு 3, ஏனைய ரகங்களுக்கு 4 என்பது எல்லை. பத்தில் ஆறு இலைகள் எல்லைக்குக் கீழே நின்றால்தான் உரம் தேவை.

அட்டையைப் பார்க்கும் கண் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறபடியால், கைப்பேசிக் காமிராவையே கண்ணாகக் கொள்ளலாம் என்ற எண்ணம் பலருக்கும் தோன்றுவது இயல்பே. படம் எடுக்குமுன் திரையில் ஓடிக்கொண்டிருக்கும் உயிர்க்காட்சியில், விரல் தொட்ட இடத்து நிறத்தை எண்ணாகக் காட்டும் செயலி எழுதுவது இக்காலத்து வாலிபர்க்குக் கடினமன்று. ஆயினும் அவ்வெண்ணை நம்பி மூட்டையைப் பிரிக்குமுன், அது எவ்விதம் பிறக்கிறதென்று அறிதல் நலம்.

ஆண்ட்ராய்டுக் கைப்பேசிகளில் உயிர்க்காட்சி சாதாரணமாக சிவப்பு, பச்சை, நீலம் என்று பிரிந்து வருவதில்லை. ஒவ்வொரு புள்ளிக்கும் வெளிச்ச அளவு ஒன்று. நான்கு புள்ளிகளுக்குப் பொதுவாக நிற அளவுகள் இரண்டு. முதலாவதை நீல அளவு என்றும், இரண்டாவதைச் சிவப்பு அளவு என்றும் சொல்லலாம். 640-க்கு 480 புள்ளிகள் கொண்ட காட்சியில் வெளிச்ச எண்கள் 3,07,200. நிற எண்கள் 1,53,600. நிற அளவுகளில் 128 என்பது நிறமின்மை. ஓர் இலைப் புள்ளியில் வெளிச்சம் 110, நீல அளவு 80, சிவப்பு அளவு 100 எனக் கொள்வோம். கணக்கிட்டால் சிவப்பு 71, பச்சை 147, நீலம் 25 என வரும். அதாவது மஞ்சள் கலந்த பச்சை.

இனி, நிற அளவுகள் இரண்டும் வரும் வரிசை எல்லா அமைப்பிலும் ஒன்றல்ல. சிலவற்றில் சிவப்பு அளவு முந்தும். சிலவற்றில் நீல அளவு முந்தும். செயலி எழுதுபவர் இவற்றை மாற்றிக் கொண்டால், மேற்சொன்ன புள்ளியே சிவப்பு 43, பச்சை 154, நீலம் 60 என்றாகிவிடும். செம்மண்ணையோ சிவப்புச் சேலையையோ காட்டினால் அது நீலமாகத் தோன்றிப் பிழை அப்பொழுதே வெளிப்படும். பச்சை இலையிலோ இலை பச்சையாகவே இருக்கும். சத்துக்கு ஏங்கி வெளுத்த பயிர் மட்டும் சற்றுக் கருத்த பயிராகக் காணும். பார்ப்பவர் உரத்தை நிறுத்திவிடுவார். ஆகையால் இத்தகைய செயலியை வயலில் சோதிக்குமுன் ஒரு செங்கல்லின்மீது சோதித்துப் பார்ப்பது விவேகம்.

காமிரா பெரும்பாலும் பக்கவாட்டில் பொருத்தப்பட்டிருப்பதால் காட்சி 90 பாகை திரும்பி வருவதும், சில கருவிகளில் ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் வெற்றிடம் சேர்ந்து வருவதும் உண்டு. இவற்றைக் கணக்கில் கொள்ளாவிடில் விரல் இலையைத் தொட, எண் சேற்றிலிருந்து வரும். ஒரே புள்ளியை நம்பாமல், நடுநரம்பை விலக்கி, 20-க்கு 20 அளவான ஒரு சதுரத்தின் சராசரியைக் கொள்ளவேண்டும்.

இவை யாவும் செவ்வனே அமைந்தாலும், காமிரா தானாகவே வெளிச்சத்தையும் வெண்மையையும் சரிசெய்துகொள்வதே எல்லாவற்றிலும் பெரிய இடையூறு. திரை முழுவதும் பச்சையே நிறைந்தால், வெளிச்சமே பச்சை போலும் என்று கருதி அது பச்சையைக் குறைத்துவிடலாம். கரிய இலையை வெளுப்பாக்கியும் காட்டும். இத்திருத்தங்களைப் பூட்டி வைக்கும் வசதி உண்டாயினும், ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வானம் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறுகையில் பூட்டும் போதாது. இலையையும் வண்ண அட்டையையும் அருகருகே வைத்து ஒரே காட்சிக்குள் கொண்டுவந்து, இரண்டின் எண்களையும் ஒப்பிடுவதே எம் அபிப்பிராயத்தில் சரியான வழி. ஒளி எவ்வளவு மாறினும் இரண்டுக்கும் ஒருங்கே மாறுமல்லவா? முதுகை வெயிலுக்குக் காட்டி, உடலின் நிழலில் வைத்துப் பார்க்கவேண்டும்.

துத்தநாகமும் கந்தகமும் குறைந்த வயலிலும் இலை மஞ்சளிக்கும்; அதை அட்டையும் அறியாது, கைப்பேசியும் அறியாது. அங்கே மண் பரிசோதனை முந்தவேண்டும். தழைச்சத்தே குறைவென்று பத்தில் ஆறு இலைகள் சொன்னால், ஹெக்டேருக்கு ஒரு தடவைக்கு வறண்ட பருவத்தில் 35 கிலோ, மழைப் பருவத்தில் 30 கிலோ தழைச்சத்து விதிக்கப்பட்டுள்ளது. யூரியாவாகக் கொண்டால் ஏக்கருக்கு முறையே ஏறக்குறைய 31 கிலோவும் 26 கிலோவும் ஆகும்.